ஆன்மா இல்லை என்றால் மனிதப் பிறவி ஏன் அரிது?

கேள்வி இதுதான்: "புத்தர் ஆன்மா என்று ஒன்று கிடையாது என்றார். அதே புத்தர் மனிதப் பிறவி கிடைப்பது அரிதிலும் அரிது என்றும் சொன்னார். நிலையான 'நான்' இல்லையென்றால் அரிதாகப் பிறப்பது எது? கடைசியில் நிர்வாணம் என்ற முழு விடுதலையை அடைவது யார்? மனிதன் என்றால் என்னவென்று பௌத்தம் நினைக்கிறது?"

இரண்டு போதனைகளும் ஒன்றோடொன்று மோதுவதுபோல்தான் முதலில் தோன்றும். ஆனால் சூத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒன்றின் மேல்தான் மற்றது நிற்கிறது என்பது தெரியும். மனிதனுக்குள் மாறாத சாரம் என்று எதுவும் இல்லை. அதனால் அவனால் மாற முடிகிறது. அந்த மாற்றத்தைச் செய்துகொள்ள ஏற்ற இடம் மனிதப் பிறவி. அதனால் அது அரிது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பௌத்தத்தின் பழைய பிரிவான தேரவாத மரபில் ஒருவர் முழுமையான பிக்குவாக உபசம்பதை பெறும்போது, அவரிடம் சில கேள்விகள் கேட்பார்கள். முதலில் தொழுநோய், வலிப்பு என்று ஐந்து நோய்களைப் பற்றி. அப்புறம், "நீ மனிதனா? ஆணா? யாருக்கும் அடிமை இல்லையே? கடன் இல்லையே? தாய் தந்தை அனுமதி கொடுத்தார்களா? இருபது வயது நிரம்பியதா?" என்று போகும். இலங்கையிலும் மியான்மரிலும் தாய்லாந்திலும் இன்றைக்கும் இந்தக் கேள்விகள் பாலி மொழியில் கேட்கப்படுகின்றன. கண்ணெதிரே நிற்கிறவரைப் பார்த்து "நீ மனிதனா?" என்று ஏன் கேட்க வேண்டும்?

துறவிகளுக்கான விதிகளைத் தொகுத்த வினய பிடகம் அதற்கு ஒரு கதை சொல்கிறது. தன் நாகப் பிறவியை எண்ணி வெட்கப்பட்ட ஒரு நாகம், சீக்கிரம் மனிதனாக வேண்டும் என்ற ஆசையில் இளைஞன் வடிவம் எடுத்து வந்து துறவு பெற்றுக்கொண்டது. ஒரு விடியற்காலையில், உடன் தங்கியிருந்த பிக்கு எழுந்து வெளியே போன நேரத்தில் அது அசந்து தூங்கிவிட்டது. தூக்கத்தில் சொந்த வடிவம் வெளிப்பட, குடில் முழுக்கப் பாம்பு உடல். திரும்பி வந்த பிக்கு அலறினார். விஷயம் புத்தரிடம் போனது. "இந்தத் தம்மத்தில், இந்தப் போதனை வழியில், வளர நாகங்களால் இயலாது. போய் உபோசத நாட்களில் நோன்பிரு. அப்படி இருந்தால் நாகப் பிறவியிலிருந்து விடுபட்டு விரைவில் மனித நிலையை அடைவாய்" என்றார் அவர். நாகம் அழுதுகொண்டே போனது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த விதி. தாய்லாந்தில் துறவு ஏற்கப் போகிற இளைஞனைச் சடங்கு முடியும் வரை 'நாக்', அதாவது நாகம், என்றே அழைக்கிறார்கள்.

இந்தக் கதையில் நாகம் மனிதனைவிட எந்த விதத்திலும் குறைந்ததாக இல்லை. விரும்பிய வடிவம் எடுக்கும் சக்தி அதற்கு இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. துறவு வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், இந்த வழியில் வளர்வதற்கான வாய்ப்பு. பௌத்தம் மனிதனை அளக்கிற கோல் இங்கேயே தெரிந்துவிடுகிறது. அவன் எதனால் ஆனவன், எவ்வளவு வலிமையுள்ளவன் என்பதை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவனால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறது.

பழைய சூத்திரங்கள் உயிர்கள் போகும் கதிகளை ஐந்தாகச் சொல்கின்றன: நரகம், விலங்கு, பேய், மனிதர், தேவர். பிற்காலத்தில் அசுரரைச் சேர்த்து ஆறாக்கினார்கள். தேரவாதத்தின் தத்துவ விளக்கமான அபிதம்மம் இதையே நுணுக்கி 31 தளங்களாக விரிக்கிறது. அஜந்தா 17ஆம் குகையின் தாழ்வாரத்தில் இந்தப் பிறவிச் சக்கரத்தின் ஓவியம் சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. இந்தக் கதிகளில் எதுவும் யாருக்கும் நிரந்தரம் இல்லை. தேவர் விழலாம், விலங்கு உயரலாம், பிரம்மாவுக்கும் காலம் முடியும். ஆக, மனிதன் என்பது ஒரு தனிப் படைப்பு கிடையாது. வந்து தங்கிப் போகிற ஒரு நிலை.

மனிதப் பிறவியின் அருமையைச் சொல்ல எல்லோரும் எடுத்துக்காட்டுவது குருட்டு ஆமை உவமையை. பூமி முழுவதும் நீர். அதில் ஒற்றைத் துளையுள்ள ஒரு நுகத்தடி காற்றில் மிதந்து அலைகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை மேலே வரும் குருட்டு ஆமையின் கழுத்து அந்தத் துளைக்குள் நுழைவது எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது. ஆனால் இது எவ்வளவு அரிது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏன் அருமை என்பதற்கு இன்னும் கூர்மையான இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று இதிவுத்தகம் என்ற பாலி நூலில் வருகிறது. தேவர் ஒருவருக்கு முடிவு நெருங்கும்போது மாலை வாடும், ஆடை அழுக்காகும், அக்குளில் வியர்க்கும், உடல் ஒளி மங்கும், தன் இருக்கையில் மனம் ஒட்டாது. அப்போது மற்ற தேவர்கள் அவரைச் சூழ்ந்து நின்று "நல்ல கதிக்குப் போ" என்று வாழ்த்துவார்களாம். தேவர்களுக்கு நல்ல கதி எது என்று ஒரு பிக்கு கேட்கிறார். மனித நிலைதான் என்கிறார் புத்தர். நாம் இறந்தவர்களைச் சொர்க்கத்துக்கு அனுப்பி வைக்கிறோம். சொர்க்கத்தில் இருப்பவர்களோ இங்கே வர வாழ்த்துப் பெறுகிறார்கள்.

இன்னொன்று அங்குத்தர நிகாயம் என்ற சூத்திரத் தொகுப்பில். தேவர்கள் ஆயுள், அழகு, இன்பம் ஆகியவற்றில் மனிதரை மிஞ்சியவர்கள். உத்தரகுரு என்ற கற்பனை நிலத்து மக்கள் 'எனது' என்ற எண்ணம் இல்லாமலும் உடைமை சேர்க்காமலும் வாழ்வதில் நம்மை மிஞ்சியவர்கள். ஆனால் சம்புத்தீவின், அதாவது நாம் வாழும் நிலத்தின், சாதாரண மனிதர்கள் மூன்று விஷயங்களில் இவர்கள் எல்லோரையும் மிஞ்சுகிறார்கள்: துணிவு, விழிப்புணர்வு, இங்கே வாழ முடிகிற துறவொழுக்கம். எனக்கு இந்தப் பட்டியல் மிகவும் பிடிக்கும். பேராசை இல்லாத உத்தரகுருவினர் நம்மைவிட நல்லவர்கள் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. இயல்பிலேயே நல்லவராக இருப்பது ஒன்று, கெட்டதும் தனக்குள் இருக்க அதை அறிந்து முயன்று நல்லதைத் தேர்வது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் துணிவு வேண்டும்.

தமிழில் இதே கருத்தை மணிமேகலை இன்னும் சூடாகச் சொல்கிறது. ஆபுத்திரன் அமுதசுரபியை வைத்துப் பசித்தவர்க்கெல்லாம் சோறிடுகிறான். அந்த அறத்தின் வலிமையால் இந்திரனின் இருக்கை அசைகிறது. கிழ வேதியன் வடிவில் வந்து, உன் தானத்தின் பயனைத் தருகிறேன், என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். "அறம்செய் மாக்கள் புறங்காத்து ஓம்புநர் நற்றவம் செய்வோர் பற்றற முயல்வோர் யாவரும் இல்லாத் தேவர்நன் னாட்டுக்கு" அரசனே, வருந்தி வந்தவரின் அரும்பசி தீர்த்து அவர் முகம் மலர்வதைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும், நீ என்ன தரப்போகிறாய் என்கிறான். அறம் செய்பவர் இல்லை, காப்பாற்றுபவர் இல்லை, தவம் செய்பவர் இல்லை, பற்றை அறுக்க முயல்பவரும் இல்லை. செய்த வினையின் பயனை நுகர்ந்துகொண்டு இருப்பது மட்டுமே அங்கே நடக்கிறது. பசி இல்லாத இடத்தில் சோறிடுபவனும் இருக்க முடியாது. கோபம் கொண்ட இந்திரன் செய்ததும் இதைத்தான் காட்டுகிறது: மழையைப் பெய்வித்துப் பாண்டிய நாட்டைச் செழிக்க வைத்து, ஆபுத்திரனின் பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் ஆக்கிவிட்டான்.

தேவரும் நரகரும் நிஜமாகவே இருக்கிறார்களா என்ற சந்தேகம் இந்த இடத்தில் எழும். மரபு அவர்களை நிஜம் என்றே எடுத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் தாய்லாந்தின் புத்ததாச பிக்கு போன்றவர்கள் இவற்றை மனநிலைகளாக வாசித்தார்கள்: கோபத்தில் எரிபவன் நரகத்தில் இருக்கிறான், அடங்காத ஆசையில் தவிப்பவன் பசிப்பேயாக இருக்கிறான். மனநிலை மட்டும்தான் என்று முடிப்பதற்கு மூலநூல்கள் இடம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இந்த வாதத்தின் உயிர்நாடி அதில் இல்லை. வலி மட்டுமே நிறைந்த இடத்தில் யோசிக்க அவகாசம் இல்லை. இன்பம் மட்டுமே நிறைந்த இடத்தில் யோசிக்கக் காரணம் இல்லை. இரண்டும் கலந்த இடத்தில்தான் "இது ஏன்?" என்ற கேள்வியும் அதைத் தொடர்ந்து போகச் சக்தியும் சேர்ந்து கிடைக்கின்றன.

மனிதனாகப் பிறந்தாலே போதும் என்றும் பௌத்தம் சொல்வதில்லை. நல்ல போதனை காதில் விழாத இடத்தில் பிறப்பது, நன்மை தீமைக்குப் பயனே இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருப்பது போன்றவற்றைத் தவறிப்போன தருணங்கள் என்கின்றன சூத்திரங்கள். திபெத்தியர்கள் இதை வளர்த்தெடுத்து, எட்டு விடுதலைகளும் பத்துப் பேறுகளுமாகப் பதினெட்டு அம்சங்கள் கூடியதைத்தான் 'அருமணி போன்ற மனிதப் பிறவி' என்கிறார்கள்.

சரி, இப்படிப் பிறக்கிற இந்த மனிதன் எதனால் ஆனவன்?

ஐந்து கந்தங்களால், அதாவது ஐந்து தொகுதிகளால், என்பது பதில். மணிமேகலையின் கடைசிக் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று எண்ணிச் சொல்கிறார். உருவு என்பது உடலும் பொருளும். நுகர்ச்சி என்பது இனிது, துன்பம், இரண்டுமில்லாதது என்று படுகிற உணர்வு. குறிப்பு என்பது இது நீலம், இது அம்மாவின் குரல் என்று அடையாளம் காண்பது. பாவனை என்பது விருப்பம், கோபம், தீர்மானம், பழக்கம் என்று மனம் உருவாக்கும் எல்லாம். அறிவு என்பது கண்ணுக்கும் காதுக்கும் மனத்துக்கும் எதிரே வருவதை உணர்வது. 'நான்' என்று நாம் சொல்லும்போது இந்த ஐந்தில் ஒன்றையோ பலவற்றையோதான் சுட்டுகிறோம். ஆறாவதாக, இவற்றின் பின்னால் அமர்ந்து ஆளும் ஒருவர் இருக்கிறாரா?

சாரநாத்தில் முதல் ஐந்து சீடர்களுக்கு நிகழ்த்திய இரண்டாவது உரையில் புத்தர் இதை எடுத்துக்கொள்கிறார். வாதம் மிக எளிமையானது. இந்த உடல் உண்மையிலேயே 'நான்' என்றால் என் சொல் கேட்க வேண்டும். இப்படி இரு, இப்படி இருக்காதே என்றால் நடக்க வேண்டும். நடப்பதில்லை, உடல் நோயில் விழுகிறது. நுகர்ச்சியும் அப்படியே. மற்ற மூன்றும் அப்படியே. நிலையற்றதை, துன்பம் தருவதை, மாறிப்போவதை 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' என்று கருதுவது தகுமா என்று கேட்கிறார். தகாது என்கிறார்கள் ஐவரும்.

இந்த வாதம் உடலோடு நிற்பதில்லை, மனத்தை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. உடல் ஒதுக்கத்தக்கது, உள்ளே உள்ள மனமோ அறிவோதான் உண்மையான நான் என்று நினைப்பது நமக்கு எளிது. சம்யுத்த நிகாயத்தில் புத்தர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: கல்லாத ஒருவன் எதையாவது 'நான்' என்று பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் உடலைப் பிடித்துக்கொள்வது மேல். உடலாவது பத்து, ஐம்பது, நூறு ஆண்டு வரை நிற்கிறது. மனம் என்று சொல்லப்படுவதோ இரவும் பகலும் ஒன்றாகத் தோன்றி இன்னொன்றாக மறைகிறது, காட்டில் ஒரு கிளையை விட்டு மறு கிளையைப் பிடிக்கும் குரங்குபோல.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்படியானால் பௌத்தத்தின்படி மனிதனே இல்லை" என்று முடிவு கட்டுவது தவறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட கிரேக்க அரசர் மெனாந்தர், மிலிந்தர் என்ற பெயரில், பிக்கு நாகசேனரோடு நடத்தியதாகச் சொல்லப்படும் உரையாடல் இதற்குப் பெயர்பெற்றது. நாகசேனர் அரசர் வந்த தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை. இவற்றைத் தவிர்த்து வேறு ஏதாவது தேரா? அதுவும் இல்லை. ஆனால் அரசர் தேரில்தான் வந்தார், அது பொய் இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து கூடியிருக்கும்போது அதற்குத் தேர் என்று பெயர். நாகசேனர் என்ற மனிதரும் அப்படியே. வச்சகோத்தர் என்ற பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி) புத்தரிடமே வந்து "ஆன்மா உண்டா?" என்று கேட்டபோது அவர் பேசாமல் இருந்தார், "இல்லையா?" என்றபோதும் பேசவில்லை. வச்சகோத்தர் போன பிறகு புத்தர் தன் சீடர் ஆனந்தரிடம் சொன்ன காரணங்களில் ஒன்று: இல்லை என்றிருந்தால், ஏற்கெனவே குழம்பியிருந்தவர் 'முன்பு எனக்கு ஆன்மா இருந்தது, இப்போது இல்லாமல் போய்விட்டது' என்று மேலும் குழம்பியிருப்பார்.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது கேமகர் என்ற பிக்குவின் கதையை. தேர் உவமையைச் சொல்பவர்கள் பலர். கேமகரைச் சொல்பவர்கள் குறைவு. என் மனத்தில் அவருக்குத்தான் முதல் இடம்.

கோசாம்பிக்குப் பக்கத்தில் பதரிகாராமத்தில் கேமகர் நோயில் படுத்திருக்கிறார். கோசிதாராமத்தில் இருந்த மூத்த பிக்குகள் தாசகர் என்பவரை அனுப்பி நலம் விசாரிக்கிறார்கள். வலி கூடுகிறது, தாங்க முடியவில்லை என்று பதில் வருகிறது. மறுபடியும் தாசகரை அனுப்பி, ஐந்து கந்தங்களில் எதையாவது ஆன்மா என்று பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எதையும் அப்படிப் பார்க்கவில்லை என்கிறார். அப்படியானால் நீங்கள் முழு விடுதலை அடைந்த அருகதர்தானே என்று மறுபடி ஆள் வருகிறது. இல்லை என்கிறார் கேமகர். எதையும் 'இது நான்' என்று பார்க்கவில்லை, ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பது இன்னும் போகவில்லை. அந்த 'நான் இருக்கிறேன்' எது, உடலா, நுகர்ச்சியா என்று இன்னொரு முறை தாசகர் ஓடி வருகிறார். போதும் இந்த ஓட்டம், என் கோலை எடுங்கள் என்று சொல்லி, அந்த நோயோடு எழுந்து கேமகரே நடந்து போகிறார்.

அங்கே போய்ச் சொல்கிறார்: தாமரையின் மணம் இதழுக்குச் சொந்தமா, நிறத்துக்கா, மகரந்தத்துக்கா? பூவின் மணம் என்றுதானே சொல்வீர்கள். அதேபோல இந்த 'நான்' உடலுக்குரியது என்றும் சொல்லவில்லை, அறிவுக்குரியது என்றும் சொல்லவில்லை, இவற்றுக்கு வெளியே என்றும் சொல்லவில்லை. ஆனால் இருக்கிறது. உவர்மண்ணும் சாணமும் போட்டு வெளுத்த துணியில் அழுக்குப் போன பிறகும் அந்த வாடை நிற்பதுபோல, கருத்தளவில் ஆன்மாவை விட்ட பிறகும் இது நிற்கிறது. கந்தங்கள் தோன்றுவதையும் மறைவதையும் தொடர்ந்து பார்த்து வந்தால் இதுவும் போகும். கேட்டவர்களில் அறுபது மூத்த பிக்குகளும் பேசிய கேமகரும் அந்த உரையாலேயே விடுதலை பெற்றார்கள் என்று சூத்திரம் முடிகிறது.

'நான்' என்ற உணர்வு ஒரு தத்துவப் பிழை மட்டும் இல்லை, வாதத்தில் தோற்றால் அது போய்விடாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் இடம் இது. வலியில் துடிக்கும் ஒரு மனிதர், தன் நிலையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாமல் சொல்கிறார். பௌத்தம் மனிதனைப் பற்றிச் சொல்வதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மறுபிறவி. ஆன்மா இல்லையென்றால் போய்ப் பிறப்பது எது? மீனவரின் மகனான சாதி என்ற பிக்கு, இதே அறிவுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடித் திரிகிறது என்று நினைத்தார். புத்தர் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்: அறிவு எப்போதும் எதையாவது சார்ந்தே எழுகிறது, சார்பு இல்லாமல் அறிவு தோன்றாது என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன்! (மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகன், நாகர் என்ற தீவு மக்களின் தலைவனுக்கு விளக்கும்போது, உடலை விட்டு உயிர் வேறிடம் புகுகிறது என்ற பொதுவழக்கிலேயே பேசுகிறான். கேட்பவர் கள்ளும் ஊனும் தவிர வேறறியாதவர். கொலையை விட வைக்க அது போதும். கந்தங்களும், ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுவதைச் சொல்லும் பன்னிரு சார்புகளும் மணிமேகலை பக்குவப்பட்ட பிறகே வருகின்றன.)

நாகசேனரின் விடை, அவனேயும் இல்லை, வேறொருவனும் இல்லை என்பது. மாம்பழம் திருடியவன், "இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் எடுத்தது வேறு பழம்" என்றால் தப்ப முடியுமா? அந்தப் பழம் இந்த நடவிலிருந்துதான் வந்தது. தொடர்ச்சி இருக்கிறது, அந்தத் தொடர்ச்சிக்குள் மாறாமல் நகரும் பொருள் இல்லை. இதற்கு மறுபிறவி வரை போக வேண்டியதுகூட இல்லை. பெரும்பகுதி நமக்குக் கிடைக்காமல் போன குண்டலகேசியின் ஒரு பாட்டு இதைச் சொல்கிறது:

"பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ"

கருவாக இருந்த நிலை செத்தது, குழந்தை செத்தது, காளை செத்தது. நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிறோம், அதற்கு நாம் அழவில்லையே ஏன் என்று கேட்கிறது பாட்டு. பிணத்தின் முன் அழுபவருக்கான ஆறுதலாக இதை வாசிப்பது வழக்கம். எனக்கு இது ஆன்மா இல்லை என்ற அனாத்மக் கொள்கையின் மிகத் தெளிவான தமிழ் வடிவமாகப் படுகிறது.

இனி வினைக்கு வருவோம், ஏனென்றால் தமிழ் வாசகர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'எல்லாம் பூர்வ ஜென்ம வினை' என்ற பேச்சைப் பௌத்தத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். ராஜகிருகத்தில் சீவகர் என்ற பரிவிராசகர், மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையாலேயே என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டபோது, அது தவறு என்று புத்தர் தெளிவாகவே மறுத்தார். பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறரின் தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களை அடுக்கி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டும் வைத்தார். காய்ச்சலில் கிடப்பவரிடமும் அடிவாங்கியவரிடமும் உன் பழைய வினை என்று சொல்வது பௌத்தம் ஆகாது. வினை என்றால் எண்ணம் என்கிறார் அவர். எண்ணித்தான் ஒருவன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான். கடந்ததன் பாரத்தைவிட இப்போது எடுக்கும் முடிவின் மேல்தான் அவர் கண் இருக்கிறது.

இதிலிருந்து நேராகப் பிறப்பின் கேள்விக்குப் போகலாம். வாசேட்டர், பாரத்துவாசர் என்ற இரண்டு பிராமண இளைஞர்கள், பிராமணன் ஆவது பிறப்பாலா நடத்தையாலா என்று சண்டையிட்டுக்கொண்டு வருகிறார்கள். புத்தர் புல், மரம், பூச்சி, எறும்பு, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை என்று வரிசையாகச் சொல்லி, இவற்றுக்கெல்லாம் பிறப்பாலேயே வெவ்வேறு அடையாளம் இருக்கிறது என்கிறார். மனிதரிடம் அப்படி இல்லை. முடியில், தலையில், காதில், கண்ணில், வாயில், தோளில், வயிற்றில், பாதத்தில் என்று உறுப்பு உறுப்பாகத் தேடிக் காட்டி, இல்லை என்கிறார். மாடு மேய்த்துப் பிழைப்பவன் உழவன், விற்பவன் வணிகன், திருடுபவன் திருடன், யாகம் செய்பவன் புரோகிதன். செய்கிற வேலையால் பெயர், அவ்வளவுதான்.

மாறாத சாரம் இல்லை என்ற கொள்கையின் சமூக விளைவு இது. உள்ளே நிலையான எதுவும் இல்லையென்றால், நிலையாகத் தீட்டுப்பட்ட எதுவும் இல்லை, நிலையாகப் புனிதமான எதுவும் இல்லை. ஆபுத்திரனை 'பசுவின் மகன், தீண்டாதே' என்று வேதியர்கள் தள்ளியபோது அவன், உங்கள் முனிவர்களே பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்கள்தானே என்று பெயர் சொல்லிக் கேட்டது இதே குரல்தான். சோமா என்ற பிக்குணியிடம், துறவிகளின் மனத்தைக் கலைக்கும் மாரன் வந்து, முனிவர்கள் அடையும் நிலையை இரண்டு விரல் அறிவுள்ள பெண் அடைய முடியாது என்றபோது அவர் சொன்ன பதிலும் இதுவே: மனம் ஒருமைப்பட்டு, உண்மையைச் சரியாகக் காணும்போது பெண் என்பது என்ன செய்யும்? 'நான் பெண்', 'நான் ஆண்', 'நான் ஏதோ ஒன்று' என்று நினைப்பவரிடம் போய்ப் பேசு என்கிறார் சோமா.

பௌத்த சமூகங்கள் எப்போதும் இந்த உயரத்தில் வாழவில்லை. இலங்கையில் 1753இல் தொடங்கிய சியாம் நிகாயம் என்ற துறவியர் பிரிவு கொவிகம சாதியினருக்கு மட்டும் உபசம்பதை என்று சுருங்கியது. அதனால் மற்றச் சாதியினர் பர்மாவுக்குப் போய் உபசம்பதை பெற்று அமரபுர நிகாயத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிக்குணிகள் சங்கம் தேரவாத நாடுகளில் பல நூற்றாண்டுகள் அற்றுப்போயிருந்தது. இவை வருத்தமான உண்மைகள். ஆனால் 1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அயோத்திதாசர் நிறுவியபோதும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு தம்மம் ஏற்றபோதும் அவர்கள் கையிலெடுத்தது வாசேட்டருக்குச் சொன்ன அந்தப் பழைய பதிலைத்தான்.

பௌத்தத்துக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடுகள் இருந்தன. வாத்சீபுத்திரீயர், சம்மிதீயர் போன்ற பிரிவினர் கந்தங்களோடு ஒன்றும் ஆகாத, வேறும் ஆகாத 'புத்கலன்' ஒருவன் உண்டு என்றார்கள். 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் வந்தபோது சம்மிதீயர் இந்தியாவில் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பௌத்தத்தின் பிற்காலப் பிரிவான மகாயானத்தில் எல்லா உயிரிலும் புத்தராகும் கரு உண்டு என்ற போதனை எழுந்து, சீனாவிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. அது பின்வாசலால் நுழைந்த ஆன்மாவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் வாசிப்பில் அது மனிதனால் முடியும் என்ற உறுதியைச் சொல்லும் இன்னொரு வழி.

கடைசியாக, நிர்வாணம் அடைவது யார் என்ற பகுதி. யமகர் என்ற பிக்கு, மனக் கசடுகளான ஆசவங்கள் அற்ற அருகதர் உடல் விழுந்ததும் அழிந்துபோகிறார், இறப்புக்குப் பின் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் அவரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டார். ததாகதரை, அதாவது விடுதலை பெற்றவரை, உடல் என்று காண்கிறீரா? இல்லை. நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று? இல்லை. உடலுக்குள் இருப்பவராக? இல்லை. உடலுக்கு வெளியே? இல்லை. ஐந்தும் சேர்ந்தவராக? இல்லை. ஐந்தும் இல்லாதவராக? இல்லை. உயிரோடு இங்கே இருக்கும்போதே அவரை இன்னார் என்று பிடித்துக் காட்ட முடியாத நீர், இறந்த பின் அவர் அழிந்தார் என்று எப்படிச் சொல்வீர்?

யமகர் தன் கருத்தை விட்டார். சாரிபுத்தர் அதோடு விடவில்லை. இனி யாராவது உம்மிடம், அருகதர் இறந்த பின் என்ன ஆகிறார் என்று கேட்டால் என்ன சொல்வீர் என்றார். "உருவம் நிலையற்றது, நிலையற்றது துக்கம், துக்கமாக இருந்தது அடங்கிற்று, மறைந்தது என்பேன். மற்ற நான்கைப் பற்றியும் அப்படியே சொல்வேன்" என்றார் யமகர். நன்று, நன்று என்றார் சாரிபுத்தர். உங்கள் 'யார்' என்ற கேள்விக்கு மூலநூல்கள் தரும் மிக நேரடியான பதில் இதுதான். யமகர் யாரையும் பெயர் சொல்லிச் சொர்க்கத்தில் சேர்க்கவும் இல்லை, யாரையும் அழித்துவிடவும் இல்லை.